பதினைந்து சுற்றும் நின்றவர்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு குத்துச்சண்டை. 1966ஆம் ஆண்டு மார்ச் மாதம் 29ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை இரவு, இதே ரொறன்ரோவில் நடந்த குத்துச்சண்டை. ஒரு பக்கம் முகம்மது அலி. மறுபக்கம் இந்த ஊர்ப் பிள்ளை ஜோர்ஜ் சுவாலோ. பதினைந்து சுற்று. வென்றவர் அலி. அதை முன்னமே சொல்லிவிடுகிறேன். யார் வென்றார் என்பதற்காக நான் இங்கே வரவில்லை. அந்த இரவு ஏன் இந்த நகரத்துக்கு வந்தது, தோற்றவர் அதன் பிறகு என்ன செய்தார், இந்த இரண்டையும் சொல்லவே வந்தேன்.

குத்துச்சண்டையைப் பற்றித் தமிழ் மேடையில் என்ன பேச்சு என்று யாராவது நினைக்கலாம். ஏன் பேசக்கூடாது? வட சென்னையிலே சார்பட்டா பரம்பரை என்றும் இடியப்ப நாயக்கர் பரம்பரை என்றும் பிரிந்து நின்று, வாத்தியார் வைத்துப் பழகி, ‘ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை’ என்று சுவரொட்டி அடித்து, துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் திரண்டு பார்த்த விளையாட்டு அல்லவா இது? 2021இல் பா. இரஞ்சித்தின் படம் வந்த பிறகுதான் நம் பிள்ளைகள் பலருக்கு அந்தப் பெயர்கள் தெரிந்தன. அலியும் தமிழர்களுக்கு அந்நியர் இல்லை. 1980இல் அவர் சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் கண்காட்சிச் சண்டை போட்டார். எம்.ஜி.ஆர். அவரைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பின் படத்தை வீட்டில் பத்திரமாக வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் உண்டு.

சரி, உலக வீரர் அலி 1966இல் ரொறன்ரோவுக்கு ஏன் வந்தார்? ஆசைப்பட்டு வந்தாரா? இல்லை. போக இடமில்லாமல் வந்தார்.

அந்தச் சண்டை முதலில் சிக்காகோவில் நடக்க இருந்தது. எதிராளியும் வேறு ஆள், ஏர்னி டெரல். உலகக் குத்துச்சண்டைச் சங்கம் அலியின் பட்டத்தைப் பறித்து அந்த டெரலைத்தான் வீரர் என்று அறிவித்திருந்தது. இரண்டு பட்டக்காரர்களும் மோதி, யார் உண்மையான வீரர் என்று தீர்த்துக்கொள்ள வேண்டிய சண்டை அது. பெப்ரவரியில் எல்லாம் மாறிப்போனது. இராணுவத் தேர்வில் தேறாதவர் என்று முன்பு ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த அலியை, அளவுகோலைத் தளர்த்திவிட்டு, வியட்நாம் போருக்கு அழைக்கத் தகுந்தவர் என்று அமெரிக்க அரசு மறுவகைப்படுத்தியது. செய்தியாளர்கள் அவர் வீட்டைச் சூழ்ந்துகொண்டார்கள். வியற்கொங்குடன் தனக்கு எந்தப் பகையும் இல்லை என்று அலி சொன்னார். இருபத்து நான்கு வயது அவருக்கு.

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு என்ன நடந்தது? இலினோய் மாநிலம் சிக்காகோச் சண்டையைத் தடுத்தது. அவர் பிறந்த ஊரான லூயிவில் கைவிட்டது. அமெரிக்காவில் ஓர் ஊர் மாறி ஓர் ஊராகக் கேட்டுப் பார்த்தார்கள், கதவு திறக்கவில்லை. எல்லை தாண்டி மொன்றியலில் கேட்டார்கள், அங்கும் எதிர்ப்பு. உலகத்தின் மிகச் சிறந்த குத்துச்சண்டை வீரனுக்குச் சண்டை போட இருபதடிச் சதுர மேடை ஒன்று கிடைக்கவில்லை!

அன்பர்களே, ஊர் ஊராகக் கதவு தட்டுவது என்றால் என்னவென்று இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1986 ஓகஸ்ட் மாதத்தில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை நினைத்துக்கொள்ளுங்கள். கஸ் டால்ரன் என்ற மீன்பிடிக் கப்பல் தலைவர் அவர்களைக் கண்டு கரைசேர்த்தார். கரையேறிய பிறகும் இவர்களை ஏன் விட வேண்டும் என்று கேட்ட குரல்கள் இந்த நாட்டில் எழுந்தன. கதவு திறந்ததும் உண்மை, முணுமுணுப்பு எழுந்ததும் உண்மை. 1966இல் ரொறன்ரோவிலும் அப்படித்தான்.

கார்ல்ரன் தெருவும் சேர்ச் தெருவும் சந்திக்கும் மூலையில் நிற்கிறதே மேப்பிள் லீஃப் கார்டன்ஸ், அந்த அரங்கம்தான் அலிக்குக் கதவைத் திறந்தது. நம்மவர்கள் எண்பதுகளில் வந்து குடியேறிய சென்ற் ஜேம்ஸ் ரவுண் மாடிக் குடியிருப்புகளில் இருந்து நடந்தே போய்விடலாம். 1931இல், கடும் பொருளாதார மந்தத்தின் நடுவில், தொழிலாளருக்குக் கூலியில் ஒரு பகுதியைப் பங்குகளாகக் கொடுத்துக் கட்டிய அரங்கம் அது. கட்டியவர் கொன் ஸ்மைத். இரண்டு உலகப் போர்களிலும் களம் கண்டவர். முதற்போரில் எதிரியிடம் கைதியாக இருந்தவர், இரண்டாம் போரில் பிரான்சில் படுகாயம் அடைந்தவர். போருக்குப் போக மறுக்கும் ஒருவனுக்கு, தான் கட்டிய அரங்கில் மேடையா என்று அவர் கொதித்தார். இயக்குநர் பதவியைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியேறினார். அவரை நான் பழிக்க மாட்டேன். தன் உடம்பில் குண்டுத் துண்டைச் சுமந்த மனிதர், தனக்குச் சரியென்று பட்டதற்காகத் தன் இழப்பையும் ஏற்றுக்கொண்டார். ஆனால் அவர் தீர்ப்புத் தவறு என்பதே என் துணிபு. போரை மறுக்கவும் துணிச்சல் வேண்டும். அலி அதற்குக் கொடுத்த விலை, போருக்குப் போன பலர் கொடுத்த விலைக்குக் குறைந்ததல்ல.

கதவைத் திறந்த ஹரல்ட் பலார்ட், அரங்க உரிமையாளர்களில் ஒருவர், கருணை வள்ளலா? இல்லவே இல்லை. அரங்கத்தை நிரப்பிக் காசு பார்க்கத் தெரிந்தவர். பிற்காலத்தில் மோசடிக் குற்றத்துக்காகச் சிறை சென்றவர். நகரத்தின் நெஞ்சு விரிந்து அலியை வரவேற்றது என்று கதை சொன்னால் அது பொய். ஒருவர் பணத்துக்காகத் திறந்தார். ஒருவர் கோபத்தில் வெளியேறினார். நடுவில் சண்டை நடந்தது. வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. ஆனாலும் நடந்ததே! அதற்காக இந்த நகரத்துக்கு நன்றி சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

அந்த நேரம் பார்த்து டெரல் விலகிக்கொண்டார். இனி யார் அலிக்கு முன்னால் நிற்பது? மூன்று வாரம்கூட இல்லை. சரியாகப் பதினேழு நாள். உலகத்தின் வேகமான கைகளுக்கு எதிரே பதினேழு நாள் ஆயத்தத்தோடு ஏற யார் சம்மதிப்பார்?

சம்மதித்தார் ஜோர்ஜ் சுவாலோ.

யார் இந்தச் சுவாலோ? 1937இல் இந்த ரொறன்ரோவில் பிறந்தவர். தாய் தந்தையர் குரோவேஷியர்கள், ஹெர்சகோவினாவில் இருந்து வந்தவர்கள். நகரின் மேற்கே ஜங்ஷன் பகுதியில் வாழ்ந்தார்கள். மாட்டுத் தொழுவங்களும் இறைச்சி ஆலைகளும் நிறைந்த இடம் அது. தந்தை இறைச்சி ஆலையில் வேலை. தாய் கோழி இறகு பிடுங்கும் வேலை. புதிதாக வந்தவர்களுக்கு இந்த நாடு எந்த வேலையை முதலில் கொடுக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நம்மவர்கள் உணவகச் சமையலறையிலும் தொழிற்சாலை இரவு வேலையிலும் நின்றார்கள். அவர்கள் இரத்தத்திலும் இறகிலும் நின்றார்கள். அந்த வீட்டுப் பிள்ளை கையுறை மாட்டிக்கொண்டான்.

1956இல், பதினெட்டு வயதில், அதே மேப்பிள் லீஃப் கார்டன்ஸில் ஒரு புதுமுகப் போட்டி. நடத்தியவர் பழைய உலக வீரர் ஜாக் டெம்ப்சி. அந்த ஒரே இரவில் நான்கு எதிராளிகளை நாக் அவுட் செய்து சுவாலோ தொழில்முறைக் குத்துச்சண்டைக்குள் நுழைந்தார். அவருக்குப் பின்னால் நின்ற மேலாளர் இர்விங் அங்கர்மன், கோழி இறைச்சி வியாபாரி. பெரிய மூலதனமோ பெரிய பயிற்சிக்கூடமோ இல்லை. 1965 பெப்ரவரியில் நியூயோர்க்கில் புளோயிட் பற்றர்சனோடு மோதித் தோற்றார். அந்தத் தோல்வியை ‘த ரிங்’ சஞ்சிகை அந்த ஆண்டின் மிகச் சிறந்த சண்டை என்று தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் இந்த ரொறன்ரோவிலேயே டெரலிடம் புள்ளிகளில் தோற்றார். ஆக, அலிக்கு முன்னால் போய் நின்றபோது அவருக்கு இருபத்தெட்டு வயது. தோல்வியின் சுவை தெரியும். ஆனால் ஒன்று மட்டும் அவருக்குத் தெரியாது. கீழே விழத் தெரியாது.

துணி துவைக்கிற பெண்ணைப் போலக் கையை வீசுகிறான் என்று அலி அவரைக் கேலி செய்திருந்தார். எதிராளி ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் வைப்பது அலியின் வழக்கம், அது ரசிகர்களைக் கூட்டும் தந்திரம். ஆனால் நான் நினைக்கிறேன், கோழி இறகு பிடுங்கி வளர்த்த தாயின் மகனுக்கு அந்தக் கேலி வலித்திருக்காது. உழைக்கிற கை எப்படி வீசும் என்று அந்த வீட்டுக்குத் தெரியும்.

இப்போது அந்த இரவுக்குப் போவோம்.

பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அரங்கில். உலகப் பட்டப் போட்டி என்று விளம்பரம் செய்யக்கூட அனுமதி இல்லை, அதிஎடைப் பிரிவு மோதல் என்றுதான் போட முடிந்தது. அமெரிக்காவில் திரையரங்குகளில் நேரடியாகக் காட்டுவதாக இருந்த ஏற்பாடும் பெருமளவில் குலைந்துபோயிருந்தது. இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே எடை. ஆனால் உடம்பின் மொழி வேறு. அலி வட்டமடிப்பவர், இடக்கை ஜாப் போட்டுவிட்டு விலகுபவர். சுவாலோ நேராக நடந்து வருபவர். தலையைத் தாழ்த்தி, நெஞ்சோடு நெஞ்சு சேர்ந்து, விலாவிலே கொக்கிக் குத்து வைப்பவர். தூரத்தில் இருந்து பார்த்தால் அலியின் சண்டை, நெருங்கினால் சுவாலோவின் சண்டை. பதினைந்து சுற்றும் நடந்த போராட்டமே அந்த இடைவெளியைப் பற்றியதுதான்.

தொடக்கத்திலேயே ஓர் அதிசயம். அலி கைகளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, விலாவைத் திறந்துகொடுத்து, அடி, இன்னும் பலமாக அடி என்று சுவாலோவைத் தூண்டினார். சுவாலோ ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடித்தார். அரங்கம் எழுந்து நின்றது. பின்னாளில் கின்ஷாசாவில் ஜோர்ஜ் ஃபோர்மனை அலி களைக்க வைத்த முறைக்கு இங்கே ஒரு முன்னோட்டம் தெரிகிறது என்று எனக்குப் படுகிறது. ஆனால் சுவாலோ களைக்கவில்லை. அதுதான் வித்தியாசம்.

சுற்றுக்கள் நகர்ந்தன. அலியின் ஜாப் சுவாலோவின் முகத்தில் விழுந்துகொண்டே இருந்தது. முகம் வீங்கியது, கண் சுருங்கியது, கால் மட்டும் முன்னேதான் போனது. ஒரு குத்து வைப்பதற்கு மூன்று குத்து வாங்கினார். சில குத்துக்கள் இடுப்புப் பட்டைக்குக் கீழேயும் போயின. அலியின் பக்கத்தார் முறையிட்டார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. பத்தாவது சுற்று போனது. பன்னிரண்டு போனது. அதுவரை அலி தன் வாழ்நாளில் பன்னிரண்டு சுற்றுக்கு மேல் போனதில்லை. லிஸ்ரனை நிறுத்தியவர், பற்றர்சனை நிறுத்தியவர், இங்கே முதல் தடவையாகப் பதினைந்தாவது சுற்றின் மணியைக் கேட்டார். அந்தக் கடைசிச் சுற்றிலும் இரண்டு பேரும் நடு மேடையில் நின்று மாறி மாறி அடித்தார்கள்.

தீர்ப்பு ஒருமனதாக அலிக்கு. நியாயமான தீர்ப்பு. சுவாலோ வென்றிருக்க வேண்டும் என்று ஊர்ப்பற்றில் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று இரவு வலியோடு மருத்துவம் தேடிப் போனவர் வென்றவர். தோற்றவர் தன் மனைவியோடு நடனமாடப் போனார். சுவாலோ தன் வாழ்நாள் முழுவதும் சிரித்துக்கொண்டே சொன்ன கதை அது. தான் மோதியவர்களில் மிகக் கடினமான ஆள் சுவாலோ என்று அலியும் பலமுறை சொன்னார்.

அலியின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான், விரைவாகச் சொல்கிறேன். ரொறன்ரோவுக்குப் பிறகு லண்டனிலும் ஃபிராங்பேர்ட்டிலும் போய்ச் சண்டை போட்டார். 1967 ஏப்ரல் 28ஆம் திகதி ஹூஸ்டனில் படையில் சேரும்படி பெயர் சொல்லி அழைத்தபோது அடி எடுத்து வைக்க மறுத்தார். பட்டம் போனது, உரிமம் போனது, ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் வெளியே இருந்தாலும் மூன்றரை ஆண்டுகள் சண்டை இல்லை, அதுவும் உடம்பு உச்சத்தில் இருந்த ஆண்டுகள். 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை நீக்கியது. அதே போருக்குப் போக மறுத்த பல்லாயிரம் அமெரிக்க இளைஞர்கள் கனடாவுக்கு வந்தார்கள், அவர்களில் பெருந்தொகையானோர் இந்த ரொறன்ரோவில் தங்கினார்கள். அலி முதலில் தட்டிய கதவுக்குத்தான் அவர்களும் வந்தார்கள் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

சுவாலோவின் கதையைத்தான் நான் நின்று சொல்ல வேண்டும்.

அவர் தொடர்ந்து சண்டை போட்டார். 1967இல் ஜோ பிரேசியர் அவர் கண்ணெலும்பை உடைத்தார், சண்டை நிறுத்தப்பட்டது, விழவில்லை. 1969இல் ஜெரி குவாரியை நாக் அவுட் செய்தார். 1970இல் ஃபோர்மன் அடித்த அடியில் நடுவர் குறுக்கே வந்தார், விழவில்லை. 1972இல் வன்கூவரில் அலியோடு மறுபடியும் பன்னிரண்டு சுற்று, விழவில்லை. மொத்தம் தொண்ணூற்று மூன்று தொழில்முறைச் சண்டைகள். எழுபத்து மூன்று வெற்றி. ஒரு தடவைகூட அவர் தரையில் விழவில்லை. பிரேசியரும் ஃபோர்மனும் அலியும் சேர்ந்து செய்ய முடியாததை மேடைக்கு வெளியே வந்த ஒன்று செய்யப் பார்த்தது.

அவருடைய மகன் ஜெசி மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டார். வலிக்கு மருந்து தேடிய பிள்ளை ஹெரோயினில் விழுந்தது. 1985இல் ஜெசி தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். இன்னொரு மகன் ஜோர்ஜி லீ 1993இல் அதே போதையில் இறந்தார். சில நாட்களில், மகனைப் புதைத்த துயரம் ஆறாமல், மனைவி லின் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1966இல் அந்த இரவு அவரோடு நடனமாடிய அதே லின். 1996இல் மூன்றாவதாக இன்னொரு மகன் ஸ்டீவன், மறுபடியும் போதை. பதினோரு ஆண்டுகளில் மூன்று பிள்ளைகள், ஒரு மனைவி.

இப்படி ஒரு தகப்பன் என்ன செய்வான்? கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்திருந்தால் யார் குறை சொல்வார்? ஊர் என்ன சொல்லும் என்று வாயை மூடியிருந்தால் யார் பழிப்பார்? நம்மிலே எத்தனை பேர் வேறு விதமாக நடந்திருப்போம்?

சுவாலோ பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போனார். கனடா முழுவதும் போனார். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு முன்னால் அந்த அகன்ற உடம்போடும் உடைந்த மூக்கோடும் நின்று, என் பிள்ளைகளுக்கு இதுதான் நடந்தது என்று பெயர் சொல்லிச் சொன்னார். போதைக்காக என் மகன்கள் என்னென்ன செய்தார்கள் என்று மறைக்காமல் சொன்னார். மேடையில் அழுதார், மறுநாள் அடுத்த ஊருக்குப் போய் அதையே மறுபடியும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அந்த நான்கு மரணங்களையும் மறுபடி வாழ்ந்தார். 1998இல் ஓர்டர் ஒஃப் கனடா என்ற நாட்டு விருது அவருக்குக் கிடைத்தது.

அலிக்கு முன்னால் பதினைந்து சுற்று நின்றது பெரிய காரியம். அவர் பள்ளிகளில் நின்று பேசியதற்குப் பக்கத்தில் வைத்தால் அது சிறிது. இது என் முடிந்த முடிபு. மேடையில் அடிப்பவன் முன்னால் நிற்கிறான், நடுவர் இருக்கிறார், மணி அடிக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் நடுவர் இல்லை, மணி இல்லை.

இளையோரே, அந்த அரங்கம் இப்போதும் நிற்கிறது. 1999இல் மேப்பிள் லீஃப்ஸ் ஹொக்கி அணி அங்கிருந்து வெளியேறியது. இன்று கீழே லொப்லோஸ் கடை, மேலே ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கம். பழைய பனித்தரையின் நடுப்புள்ளி இருந்த இடத்தில் கடைத்தரையில் ஒரு சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார்கள். அரிசியும் மரக்கறியும் வாங்கப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். ஒருநாள் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த நகரத்தின் வரலாறு நாம் வந்த ஆண்டிலிருந்து தொடங்கவில்லை. நமக்கு முன்னால் வந்த உழைப்பாளிகளின் வரலாறும் நம்முடையதுதான்.

பெற்றோர்களே, உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். நம் வீடுகளிலும் போதை நுழைந்திருக்கிறது. குடி நுழைந்திருக்கிறது, மாத்திரை நுழைந்திருக்கிறது. பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறது. நாம் மானம் போய்விடும் என்று வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். உறவினர் வந்தால் பிள்ளை வேலைக்குப் போயிருக்கிறான் என்கிறோம். கோயிலில் கேட்டால் நன்றாக இருக்கிறான் என்கிறோம். குடும்ப வைத்தியரிடம்கூட உண்மையைச் சொல்வதில்லை. இந்த மறைப்பினால் ஒரு பிள்ளையாவது பிழைத்திருக்கிறதா?

மறைக்காதீர்கள். வைத்தியரிடம் சொல்லுங்கள். பள்ளி ஆலோசகரிடம் சொல்லுங்கள். நம்பக்கூடிய ஓர் அண்ணனிடம், அக்காவிடம் சொல்லுங்கள். பிள்ளையை இழந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், அவர்கள் பேச முன்வந்தால் இப்படியான மண்டபங்களில் இடம் கொடுங்கள், மேடை கொடுங்கள். அவர்கள் பேசும்போது எழுந்து போகாமல் இருந்து கேளுங்கள். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையின் அறைக் கதவைத் தட்டுங்கள்.